பாலறுகு வைத்த கை

போன ஞாயிற்றுக்கிழமை ஹொல்ம்லியாவிலிருந்து ரயிலில் வரும்போது, தமிழ்க்கடையில் வாங்கிய நல்லெண்ணெய்ப் போத்தல் மூடி கழன்று பைக்குள்ளே ஒழுகிவிட்டது. என் முழங்கால், இருக்கை, பக்கத்தில் இருந்த நோர்வேக்காரரின் சப்பாத்து என்று எல்லாவற்றிலும் எண்ணெய். அவர் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். துடைக்கத் துடைக்க வாசம்தான் கூடியது. அந்த வாசம் வந்தால் எனக்கு அம்மாவின் கைகள் நினைவுக்கு வரும். அம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தால் கோபம் வரும். கோபத்தோடுதான் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒருவர் நின்றால் மற்றவர் திரும்ப முடியாது. அதற்குள்ளே வெள்ளிக்கிழமை தோறும் அம்மா என்னைக் குந்தவைத்து எண்ணெய் தேய்ப்பார். அப்போது என் தலைமயிர் இடுப்பைத் தொடும். இப்போது அதில் பாதி அந்த வீட்டுக் குழாய்க்குள்ளேதான் இருக்க வேண்டும்.

அம்மாவின் கைக்கு எங்கள் சொந்தக்காரரிடம் தனி மதிப்பு இருந்தது. பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்தியச் சடங்கிலும் கல்யாணத்திலும் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்த பிறகுதான் தண்ணீர் வார்ப்பார்கள். பாலறுகு வைப்பது என்போம். அதற்கு முதல் ஆளாக அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள், கைராசிக்காரி என்று. அதற்காகவே தயிர் வாங்கிய பிளாஸ்டிக் வாளியில் அறுகு வளர்த்தார். பனிக்காலத்தில் அதற்கு மேலே மேசைவிளக்கு எரியும். விடியற்காலையில் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கும் அம்மாவைச் சடங்கு வீட்டில் மட்டும்தான் ஆட்கள் எழுந்து நின்று வரவேற்பார்கள். அம்மாவுக்கு இந்த ஊரில் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

நான் அப்போது ஒரு பார்னஹாகேயில், அதாவது சிறுவர் பள்ளியில், வேலைக்குச் சேர்ந்த புதிது. கூட வேலை செய்த யூதப் பெண் ஒருத்தி ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். மேசையில் அவளுடைய தங்கை வேதத்தைப் பற்றி ஏதோ குறுக்குக் கேள்வி கேட்டாள். தகப்பன் யோசித்துவிட்டுத் தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்லும் பெரிய மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அடுத்த வெள்ளியும் போனேன். பிறகு வருடக்கணக்காகப் போனேன், படித்தேன், கடைசியில் யூத சமயத்தில் சேர வேண்டும் என்று அவர்களின் மதகுருவான ராபியிடம் போய் நின்றேன். அவர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். அது அவர்களின் வழக்கம். வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதையே செய்வது என் வழக்கம்.

லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கியிருந்த பெரியமாமா, அம்மாவின் அண்ணன், விஷயம் கேள்விப்பட்டதும் கேட்ட முதல் கேள்வி, “ஆர் பெடியன்?” என்பதுதான். ராபியும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் நாகரிகமாக. அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றாகத்தான் இருக்கும். பெடியன், காதலன் என்று ஒருவனும் இல்லை. ஒரு பெண் தன் பாட்டில் கடவுளைப் பற்றி யோசிக்க மாட்டாளா? இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சேர்வதன் கடைசிப் படி தண்ணீரில் முழுகுவது. குளமும் சரி, கடலும் சரி. எனக்குக் கடல் என்று முடிவாயிற்று, ஆகஸ்ட் கடைசியில், ஃபியோர்டுக் குடாவில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில். உடம்பில் ஒன்றும் இருக்கக்கூடாது. மோதிரம், மூக்குத்தி, நகப்பூச்சு எதுவும் ஆகாது. ஒவ்வொரு மயிரிலும் தண்ணீர் படவேண்டும்.

அதுவரை இதைப் பற்றி வாயே திறக்காத அம்மா, முழுகுவதற்கு முதல்நாள் பின்னேரம் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். “முழுகப் போறவள் வறட்டுத் தலையோடை போறதே?” என்றார். எண்ணெய் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கைகளிலிருந்து தலையை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் அம்மாவும் வந்தார், சேலைக்கு மேலே குளிர் ஜக்கெற், கையில் பெரிய பை. சாட்சிக்கு வந்த ராபிமார் மேலே பாதையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தண்ணீரில் இறங்குவதைப் பார்க்க வந்த பெண் என் கூந்தலைத் தடவிப் பார்த்து, எண்ணெய் இருக்கிறது, திரும்பக் கழுவவேண்டும் என்றார். அதற்குள் அம்மா பையிலிருந்து ஒரு சின்னப் போத்தல் பாலையும் அறுகையும் எடுத்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் இறுகியது. இது எந்தக் கடவுளுக்கு என்று கேட்டார். நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா பதில் சொன்னார்.

“இது சாமிக்கு இல்லை. என்ரை பிள்ளைக்கு.”

நான் அதை நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அந்தப் பெண் மேலே போய் ராபிமாரிடம் கதைத்துவிட்டு வந்தார். வைக்கலாம், ஆனால் பிறகு எல்லாவற்றையும் கழுவிவிட வேண்டும் என்றார்.

பாறையில் என்னை இருத்தி அம்மா பாலறுகு வைத்தார். பிறகு சுடுதண்ணீர்ப் போத்தலைத் திறந்து, ஷாம்பூ போட்டுக் கழுவி, சீப்பால் வாரி, காதுக்குப் பின்னால்கூட விரலால் தடவிப் பார்த்தார். “ஒரு தும்பும் இருக்கக்கூடாதாமே.” அந்தப் பெண் போதும் என்ற பிறகும் அம்மா விடவில்லை. நான் இறங்கினேன். குளிரில் பல் அடித்த அடியில் பாடமாக்கிய பிரார்த்தனை பாதி மறந்துபோனது. ஒருவழியாகச் சொல்லி முழுகி எழும்பினேன். அந்தப் பெண் “கோஷர்” என்று சத்தமாகச் சொன்னார், முறைப்படி சரி என்று அர்த்தம். பாறையிலிருந்து அம்மாவும் தலையாட்டினார்.

அம்மா இதை ஒளிக்கவில்லை. நான்தான் என் பிள்ளைக்குப் பாலறுகு வைத்தேன் என்று பெரியமாமாவின் மனைவியிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் அந்த மாமியின் மகளுக்குச் சடங்கு, லோறென்ஸ்கூக்கில் ஒரு மண்டபத்தில். அம்மா வாளியிலிருந்து நல்ல அறுகாகப் பார்த்து வெட்டிக்கொண்டு போனார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், வேடிக்கை பார்க்கத்தான் இருக்கும். அம்மா வழக்கம்போல முதல் ஆளாக எழுந்து போய் நின்றார். மாமி அவரின் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்.

“மச்சாள், நீங்கள் இருங்கோ. உங்கட கை இனி இதுக்குச் சரிவராது.”

பெரியமாமா கமராவைத் திருகிக்கொண்டு நின்றார். இருக்கச் சொன்னது அவரின் கூடப்பிறந்த தங்கையை. நான் எழும்பினேன். திரும்பி வந்த அம்மா என் கையைப் பிடித்து இருத்தி, “சாப்பிட்டிட்டுப் போவம்” என்றார். சாப்பிட்டோம். அதற்குப் பிறகு யாரும் அம்மாவை எதற்கும் கூப்பிடவில்லை. கோயிலில் சிரிப்பார்கள், சுகம் கேட்பார்கள், கூப்பிட மாட்டார்கள். அறுகு வாளியை மூடி வளர்ந்து வெளியே தொங்கியது. அம்மா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

போன வருடத்துக்கு முதல் வருடம் அம்மா செத்துப்போனார். இறுதிச் சடங்கில் பெரியமாமா மைக்கைப் பிடித்தார். “எங்கட குடும்பத்திலை எந்த நல்ல காரியத்துக்கும் தங்கச்சியின்ரை கைதான் முதல் கை” என்றார். மண்டபமே தலையாட்டியது. வெளியே வந்து மாமியைப் பிடித்து, அன்றைக்கு ஏன் அம்மாவை இருக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மாமி அழுத கண்ணோடு என்னைப் பார்த்தார். “எப்ப பிள்ளை? மச்சாளை ஆர் அப்பிடிச் சொல்லுவினம்?”

மாமி நடிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சடங்குக்கு வந்த மற்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். சாப்பாடு நினைவிருக்கிறது, பிள்ளையின் சேலை நிறம் நினைவிருக்கிறது, இது மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை. இப்போது எல்லோரும் பரந்த மனதுக்காரர். பெரியமாமா வருகிறவர்களிடம் தன் மருமகள், அதாவது நான், யூத சமயம் என்று பட்டம் எடுத்ததைப்போலச் சொல்லிக்கொள்கிறார்.

அம்மா போனார், அறுகு வாளி போனது, எல்லிங்ஸ்ருட் வீட்டையும் விற்றாயிற்று. அதெல்லாம் போகக்கூடியவைதான். அம்மாவை ஒதுக்கிய அந்த வருடங்களையும் இவர்கள் எங்கேயோ கொண்டுபோய்த் தொலைத்துவிட்டார்களே. யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? ஒதுக்கியவர் என்று ஒருவர்கூட இல்லாத இந்த ஊரில்தான் என் அம்மா சாகும்வரை ஒதுக்கப்பட்டிருந்தார்.