விளக்கெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன சேதி ஒரு மார்கழியில் வந்தது. அதற்கு அடுத்த சாரல் காலத்தில் நடந்தது இது. வருஷக் கணக்கு எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவனில்லை. அந்தச் சாரலுக்குக் குற்றாலம் வந்த ராமநாதபுரத்துக்காரர்கள், ரயிலோடு போன சொந்தக்காரர்களைப் பற்றியே பேசிக்கொண்டு குளித்தார்கள். அவர்கள் முதுகில் எண்ணெய் தேய்த்தவன் நான். அதனால்தான் அந்த வருஷம் எனக்குள் தனியாக நிற்கிறது.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவது என் பிழைப்பு. வீடு மேலகரத்தில். எண்ணெயை விரலில் தொட்டால் போதும், நல்லெண்ணெய் செக்கைவிட்டு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவேன். மூட்டு வலிக்கு எது, நரம்புப் பிடிப்புக்கு எது என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மற்ற ஆட்கள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைப்பார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் செய்த தப்பு இங்கிருந்துதான் கிளம்பியது.

எனக்கு ஒரே தம்பி. தென்காசியில் மரக்கடையில் சுமை தூக்கினான். மாசி மாதம் இருமலோடு ரத்தம் வந்தது. டி.பி. என்றார்கள். தெருவில் விஷயம் தெரிந்ததும் அவன் தொட்ட குடத்தைத் தண்ணீர்க் குழாயில் வைக்க விடவில்லை. அவன் பெண்டாட்டி மகளைத் தூக்கிக்கொண்டு வீரகேரளம்புதூருக்குத் தாய் வீடு போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை காலியானால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். சேதி வரவேயில்லை. ஐந்தருவிக்கு மேலே ஒரு கிராம்புத் தோட்டத்தில் காவல் குடிசை சும்மா கிடந்தது. தோட்டக்காரர் நல்ல மனிதர், சரி என்றார். தம்பியை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

டாக்டர் தொண்ணூறு ஊசி எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று, விடாமல் போட வேண்டும். விட்டால் நோய் மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் அந்த ஊசி பிடிக்காது என்று இரண்டு தடவை சொன்னார். அந்த நோய்க்காரன் பக்கத்தில் போய் ஊசி போட எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் சம்மதித்தார். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்த கம்பவுண்டர். அவருக்கு வலது கால் யானைக்கால்.

“வண்டி இருந்தா வாரேன் வே. மலையில நடக்கச் சொன்னா இந்தக் காலு உம்மையும் வையும், என்னையும் வையும்” என்றார்.

மூன்று மைல் மண் பாதை, குறுக்கே இரண்டு ஓடை. மாட்டு வண்டி ஏறாது. தம்பி வேலை பார்த்த மரக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் துருப்பிடித்துக் கிடந்தது. சைக்கிளைவிடக் கொஞ்சம் தடித்த உடம்பு, செம்பு அளவில் ஒரு எஞ்சின். இரண்டு வெள்ளாட்டைக் கொடுத்துவிட்டு அதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் அடுப்புக்கு இந்தப் பக்கம் வைத்துத்தான் பிரித்தேன். வெளியே சாரல் விடவில்லை.

“அடுப்பு எரியுத எடத்துல பெட்ரோல வச்சிருக்கியளே, கொழுந்தனுக்கு ஊசி போடுததுக்கு முன்னால நாம மொத்தமா மேல போயிருவோம் பாத்துக்கிடுங்க” என்றாள் என் பெண்டாட்டி. சொல்லிவிட்டு அவளே அடுப்பைக் கொல்லைக்கு மாற்றிக்கொண்டாள்.

தென்காசிப் பட்டறையில் ஒருவர் எனக்கு வாயால் சொன்னார், நான் வந்து கையால் செய்தேன். மேடு ஏறுவதற்காகப் பின் சக்கரத்துக்குப் பெரிய பல்சக்கரம் வெட்டி வாங்கிப் போட்டேன், செயினில் நாலு கண்ணி கூட்டினேன். ஓடைத் தண்ணீர் புகாமல் இருக்கப் புகைக்குழாயை மேலே தூக்கிக் கம்பியால் கட்டினேன். மட்கார்டைக் கழற்றிவிட்டு டயரில் கயிறு சுற்றினேன், சேற்றில் வழுக்காது. எஞ்சினுக்குக் காற்று போகிற வாயில் ஒரு தேங்காய்ச் சிரட்டையை ஓட்டை போட்டுத் துணி கட்டிக் கவிழ்த்தேன். கம்பவுண்டருக்குப் பின்னால் பலகை, அதன் மேல் சாக்கு. எஞ்சினைத் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவி, பிளக்கைச் சுரண்டிப் பூட்டி உதைத்தேன். நாற்பது உதையாவது இருக்கும். கிளம்பிவிட்டது. அந்தச் சத்தத்தில் என் பெண்டாட்டி அழுதாள். நான் அழவில்லை, பயந்தேன்.

இருபத்து மூன்று ஊசி வரைக்கும் ஓடியது. தம்பிக்கு இருமல் குறைந்தது. கஞ்சி இறங்கியது.

“வண்டிச் சத்தம் கீழ் ஓடையில கேக்கும்போதே எனக்குப் பசிச்சிருதுண்ணே” என்பான்.

அந்த மாதிரி வண்டிக்கு எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். உள்ளே பிஸ்டன் உரசாமல் ஓடுவது அந்த எண்ணெயால்தான். பெட்ரோல் போடுகிற இடத்தில் கறுப்பாக ஒன்று தருவார்கள். அதை விரலில் தேய்த்துப் பார்த்தேன். வழவழப்பே இல்லை, தண்ணீராக ஓடியது. மேடு ஏறும்போது எஞ்சினில் கை வைக்க முடியாத சூடு. பாரம் இழுக்கிற உடம்புக்குக் கெட்டி எண்ணெய் வேண்டும் என்பது என் தொழில் கணக்கு. நல்ல விளக்கெண்ணெய் வாங்கி, ஈரம் போகக் காய்ச்சி, அதைப் பெட்ரோலில் கலந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. எண்ணெயைப் பற்றி நான் யாரிடம் கேட்பது?

நாலு நாள் வெண்ணெய் மாதிரி ஓடியது.

“என்ன வே, பேதி மருந்து வாடை அடிக்கு. உம்ம மேலருந்து வருதா, வண்டியிலருந்து வருதா?” என்று கம்பவுண்டர் கேட்டார்.

“எண்ணெ தேய்க்கவன் மேல பின்ன பன்னீரா மணக்கும்?” என்றேன். சிரித்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் மேலே ஒரு மரம் விழுந்து பாதை அடைத்தது. வெட்டி எடுக்க இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வெயில் முகமே இல்லை, நல்ல குளிர். மூன்றாம் நாள் காலையில் உதைத்தால் வண்டி உயிரே காட்டவில்லை. பெட்ரோல் குழாயைப் பிடுங்கிப் பார்த்தேன். கொழகொழவென்று ஒரு சாமான் இறங்கியது. மழைத் தண்ணீரும் அழுக்கும் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அது நின்று சுத்தமான பெட்ரோல் வருகிற வரைக்கும் வழித்து ஓடையில் ஊற்றினேன். பிளக்கைத் துடைத்துப் பூட்டி உதைத்ததும் ஒரே உதையில் கிளம்பியது. ‘பார்த்தீரா’ என்பது போலக் கம்பவுண்டரைப் பார்த்தேன்.

இரண்டாவது ஓடை தாண்டி மேட்டில் பாதி ஏறும்போது எஞ்சின் ஒரு கிறீச்சுச் சத்தம் போட்டது. பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம். மருந்துப் பெட்டியை மட்டும் அவர் நெஞ்சோடு பிடித்திருந்தார். எழுந்து உட்கார்ந்து, எஞ்சினில் விரலை வைத்து, முகர்ந்து பார்த்தார்.

“இதுல என்ன ஊத்துனீரு?”

“வெளக்கெண்ணெ.”

“காலையில வழிச்சு ஊத்தினீரே, அது அழுக்கில்ல வே. குளுந்தா விளக்கெண்ணெ பெட்ரோல்ல நிக்காது, அடியில போயி ஒக்காந்துரும். எண்ணெயப் பூராம் கீழ ஊத்திட்டு வெறும் பெட்ரோல்ல மலை ஏத்திருக்கீரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா.”

என் தோளைப் பிடித்துக்கொண்டு மிச்சப் பாதையை நடந்தே ஏறினார். அன்றைய ஊசியைப் போட்டார். இறங்கி வருவதற்குள் கால் வீங்கிக் குளிர் காய்ச்சல் கண்டுவிட்டது. அதற்குப் பிறகு அவரால் மலையில் ஒரு அடி வைக்க முடியவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி வீட்டுக்குள் பிரித்தேன். பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மரச் சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தேன். மேலெல்லாம் கோடு. பிஸ்டனைச் சுற்றியிருந்த ரிங் மூன்று துண்டு. தென்காசியில் அந்த அளவு ரிங் கிடையாது, மதுரைக்குத்தான் எழுத வேண்டும் என்றார்கள். எழுதச் சொன்னேன். அது வரைக்கும் சும்மா இருக்க முடியுமா? தண்ணீர் இறைக்கிற எஞ்சினின் பழைய ரிங்கை அரத்தால் தேய்த்துப் பார்த்தேன். உடைந்தது. இன்னொன்று தேய்த்தேன், அதுவும் உடைந்தது. மூன்றாவதைப் போட்டபோது வாசலில் ஓடிவிட்டு, மேட்டைக் கண்டதும் நின்றது. கம்பவுண்டரைத் தூக்கிக்கொண்டு மலை ஏற, டோலி கட்ட இரண்டு பேரைப் பிடித்தேன். யாருக்கு ஊசி, என்ன நோய்க்கு என்று கேட்டதும் கம்பைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கம்பவுண்டர் தினமும் வந்தார். காலையில் ஊசியைக் கொதிக்க வைத்து, பெட்டியை எடுத்துக்கொண்டு, அந்த வீங்கின காலை இழுத்து நாலு வீடு நடந்து வந்து என் வாசலில் உட்காருவார். “ஓடுமா வே?” என்பார். நான் ரிங்கை அரத்தால் தேய்த்துக்கொண்டே இருப்பேன். மத்தியானம் வரை இருந்துவிட்டுப் போவார்.

நான் மட்டும் தினம் கஞ்சி கொண்டு ஏறினேன்.

“ஊசிக்காரரக் காணலயேண்ணே?”

“வண்டி கெட்டுப் போச்சுடே.”

“நீ சரி பண்ணிருவ” என்பான். ஒரு நாள் அவன் உடம்பைத் தொட்டேன். காய்ச்சல் திரும்பியிருந்தது.

அந்த நேரத்தில் தம்பியின் மச்சினன் வீரகேரளம்புதூரிலிருந்து வந்து நின்றான். “ஊசிய ஏன் அண்ணாச்சி நிப்பாட்டுனிய?” என்று கேட்டான். என் கை முழுக்க எண்ணெய்க் கறுப்பு. வாயில் இது வந்தது:

“கம்பவுண்டரு மலைக்கு வர மாட்டேங்காரு.”

அவன் நேரே டீக்கடைக்குப் போனான். நான் பின்னால் ஓடினேன். கம்பவுண்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏழைன்னா செத்துப் போவட்டும்னு விட்டிருவீரோ? உம்ம காலு அழுகுதது சும்மாவா அழுகுது?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்டான்.

கம்பவுண்டர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். உண்மையை நான் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் கையிலிருந்த கறுப்பை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலையிலும் பெட்டியோடு வந்து என் வாசலில் உட்கார்ந்தார்.

மதுரை ரிங் வந்து வண்டி மலை ஏறியபோது, மரம் விழுந்த இரண்டு நாளையும் சேர்த்து இருபது ஊசி விட்டுப் போயிருந்தது. மிச்சம் எல்லாவற்றையும் போட்டார். ஒன்றும் பிடிக்கவில்லை. ஐப்பசியில் தம்பி போய்விட்டான். கம்பவுண்டர் மறு வருஷம் ஆலங்குளம் பக்கம் குடிபோனார். ஊர் அவரை அந்தப் பேச்சோடுதான் அனுப்பியது. அங்கேயே செத்தும் போனார்.

தம்பி மகள் வீரகேரளம்புதூரில்தான் இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். தன் தகப்பனை ஒரு கம்பவுண்டர் சாகவிட்டார் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்கிறாள். நான் நாலு தடவை பஸ் ஏறினேன். நாலு தடவையும் வழியில் சுரண்டையில் இறங்கித் திரும்பிவிட்டேன். இப்போது பஸ் ஏறவும் கால் இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறீர்களே, இதைக் கொண்டுபோய் அவளிடம் வாசித்துக் காட்டுங்கள். எண்ணெயை ஊற்றினவன் அவள் பெரியப்பன், பொய் சொன்னவனும் அவன்தான் என்று சொல்லுங்கள். கம்பவுண்டர் பதினெட்டு நாளும் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தார். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவள் பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.