சாவு வண்டிக்காரன் மடி

மதுரையில் அமரர் ஊர்தி ஓட்டுகிறேன். வண்டியில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் சுடுகாடு வந்துவிடும். ஊரில் அதற்குச் சாவு வண்டி என்றுதான் பெயர். காலையில் நான் எதிரே வந்தால், வாசல்படி இறங்கியவர்கள் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். என் புண்ணியத்தில் எங்கள் தெருவில் யாருக்கும் தாகமே கிடையாது.

எங்கள் முதலாளி இந்த வண்டியின் முன்னாலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டுவார். "அண்ணே, இதப் பாத்து யாருண்ணே கண்ணு வைக்கப் போறான்?" என்று கேட்டேன். "வாய மூடிட்டு வண்டிய எடுடா" என்றார்.

தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வந்தது. எழுமலைக்கு அந்தப் பக்கம் அவள் புகுந்த வீட்டுக் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஒரே தாய்மாமன் நான். அறிவையோ அழகையோ பார்த்துக் கொடுக்கிற பதவியாக இருந்தால் எனக்குக் கிடைத்திருக்காது.

தங்கச்சியின் மாமியார், எனக்கு அத்தை முறை, போன் போட்டார்.

"தம்பி, தப்பா நெனைக்காதப்பா. பொணம் ஏத்துற ஒடம்பு. பச்சப்புள்ளய அதுல எப்பிடி வைக்க? சீரக் கொண்டாந்து எறக்கிட்டு ஓரமா நில்லு. ஒங்க சித்தப்பா மகன் மடியில வச்சுக்கிருவோம்."

கோபம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. ஒருவேளை உண்மையாக இருந்தால்? தர்காவில் ஓதிய தாயத்தைக் கையில் கட்டினேன். கோயில் கறுப்புக் கயிற்றை இடுப்பில் சுற்றினேன். மாதா கோயிலுக்குப் போகிற கூட்டாளியிடம் ஜெபமாலை வாங்கிக் கழுத்தில் போட்டேன். சட்டைப்பையில் மந்திரித்த எலுமிச்சம்பழம். வழியில் இவர்களுக்குள் சண்டை வராமல் ஊர் போய்ச் சேர்ந்ததே பெரிது.

என்னைப் பார்த்ததும் தங்கச்சி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னண்ணே, பூசைச் சாமான் கடைய மேல மாட்டிட்டு வந்திருக்க?"

"தோசம் போகத்தான் ஆத்தா."

"யாருக்குத் தோசம்? எனக்கு அண்ணன் வேணும், கடை வேணாம். கழட்டு அம்புட்டையும்."

கழற்றி ஒரு தட்டில் வைத்தேன். உடம்பு இலேசானது. வாயும்தான்.

கோயில் முன்னால் பலகையில் சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்தான். காது குத்துகிற ஆசாரி ஊசியோடு தயார்.

"எந்திரிடா தம்பி. ஒன் தங்கச்சிக்குப் பிள்ள பெறக்கும்போது ஒக்காரு" என்றேன்.

அவன் தப்பித்தோம் என்று எழுந்தான். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏப்பா, சொன்னா கேக்க மாட்டியா?" என்று அத்தை முன்னால் வந்தார்.

"அத்தை, எம்புட்டோ பேரத் தூக்கிருக்கேன். ஒருத்தராச்சும் கொற சொல்லிருக்காகளா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

"ஒங்க வீட்டு மாமா செத்தப்பவும் நாந்தான் கொண்டு போனேன். 'தம்பி, குலுங்காமப் போப்பா, அவருக்கு முதுகு வலி'ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதீக. அன்னைக்கு ஆன கை இன்னைக்கு ஆகாதா?"

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். தங்கச்சி யாரையும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொள்ள, ஆசாரி குத்தினார். மருமகள் போட்ட கத்தலுக்கு என் வண்டிக்குள் இருப்பவரே எழுந்து உட்கார்ந்திருப்பார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது முதலாளி போன் வந்தது. திருமங்கலத்தில் ஒரு சாவு. துக்க வீட்டில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. அதே பழக்கத்தில் நல்ல வீட்டிலும் சொல்லாமல் நழுவிவிடுகிறவன் நான். அன்று அத்தைக்கு நேராகப் போய் நின்றேன்.

"போயிட்டு வாரேன் அத்தை."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நகரவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேக்குதுப்பா. வா" என்றார்.