அடைக்கோழி நிறுத்திய லாரி

மலாயாவின் குளுவாங் ஊரில் கல்வீட்டுக்குக் குடிவந்த பிறகும் ரசியா ஏங்கியது அந்த லாரி வீட்டுக்குத்தான். தோட்டம் தோட்டமாகத் துணி விற்ற அவள் கணவர் யஹ்யா, 1933-இல் பழைய லாரியில் பலகை அடித்து, அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுக் கட்டிய வீடு அது. மேடு ஏறினால் சட்டி பின்னால் ஓடும். பள்ளம் இறங்கினால் முன்னால் வரும். ஓர் ஊரிலாவது ஒரு வாரம் தங்க மாட்டோமா என்று அப்போது அவள் ஏங்குவாள். அவரோ விடிந்தால் கிளம்பிவிடுவார்.

தெப்ரா என்ற ஊரில் லாரி நின்றபோது, கட்டிலடியில் முட்டை வைத்து, கோழியை அடைக்கு உட்காரவைத்தாள்.

"மச்சான், லாரி குலுங்குனா எல்லாம் கூமுட்டையாயிடும். இருபத்தோரு நாளைக்கு நகரக்கூடாது."

"அலமாக்! இனிமே கோழிதான் எனக்கு முதலாளியா?"

திட்டிக்கொண்டே சக்கரத்துக்குக் கல் வைத்தார். ரசியாவுக்கு ஒரு சிநேகிதியும் ஒரு கீரைப்பாத்தியும் கிடைத்தன.

குஞ்சு பொரித்த காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாயைச் சுருட்டினாள். யஹ்யா தொப்பி நிறைய முட்டையோடு வந்து நின்றார்.

"அந்தக் கறுப்புக் கோழியும் அடைக்கு வந்தமாதிரி இருக்கு புள்ள. இன்னும் மூணு வாரம் இருப்போமா?"

அவர் காட்டியது சேவலை.

ரசியா பாயை மறுபடி விரித்தாள்.