ஜீப்பை எப்போது விடுவது

எண்பதுகளில் செஞ்சியில் எங்கள் சங்கம் ஒரு மோட்டார் பைக் பந்தயம் நடத்தியது. வல்லம் பக்கம் வயல்களைச் சுற்றி வரும் ரோட்டில் ஐந்து சுற்று. மெட்ராசில் ஒரே ஒரு முறை கார் பந்தயம் பார்த்தவன் என்பதால் என்னைத் தலைமை அதிகாரி ஆக்கினார்கள். நானும் கூசாமல் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டேன்.

என் பெருமையெல்லாம் ஒரு வாடகை ஜீப்தான். பாதையில் ஆள் விழுந்து, கொடி காட்டுவது மட்டும் போதாது என்றால் ஜீப்பை உள்ளே விடவேண்டும். அது முன்னால் மெல்லப் போகும், யாரும் முந்தக்கூடாது. இதை ஒரு வாரம் டீக்கடை டீக்கடையாக விளக்கினேன். கேட்டவர்கள் எழுந்து போனாலும் விடவில்லை.

"ரோட்டைக் காலியா வையுங்க, இருபது வண்டி அஞ்சு சுத்து வரும்" என்று மைக் கட்டிச் சொன்னோம். ஒரு அம்மா பின்பாதியை மட்டும் காதில் வாங்கியிருக்கிறார். கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பி, போகிற வண்டிகள் ஏறி மணி உதிர விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். மூன்றாவது சுற்றில் பைக் கூட்டம் கடந்ததும் அறுத்ததையெல்லாம் வளைவில் பரப்பிவிட்டார். கூப்பிடு தூரத்தில் நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பின்தங்கி வந்த ஒருவர் அதில் வழுக்கி விழுந்தார். கால் பைக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மற்றவர்கள் சுற்றி வந்துவிடுவார்கள்.

"வுடட்டுமா சார்?" என்றார் ஜீப் டிரைவர்.

முதலில் வந்துகொண்டிருந்தவன் என் மனைவியின் தம்பி. நல்ல தூரம் முன்னால் இருந்தான். ஜீப்பை விட்டால் எல்லோரும் அவன் முதுகோடு ஒட்டிக்கொள்வார்கள், வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

"இருப்பா, யோசிக்கிறேன்" என்று கொடியை மட்டும் ஆட்டினேன்.

"யோவ், ஆளு கெடக்குறான், இன்னாய்யா யோசன?" என்று கத்திக்கொண்டே அந்த அம்மா வளைவுக்கு முன்னால் ஓடி, நடுரோட்டில் கைகளை விரித்து நின்றார். மைத்துனன் கிறீச்சென்று பிரேக் போட்டான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

பைக்கைத் தூக்கினோம். சிராய்ப்புதான். விழுந்தவர் நொண்டிக்கொண்டு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சட்டுனு அந்தம்மாவ அனுப்பலன்னா என் காலு போயிருக்கும் சார்."

செடியை வாரிக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் தொப்பியைத் தொட்டுக்கொண்டு, "அதுக்குத்தானே இருக்கேன்" என்றேன்.