உள்ளங்கையில் எழுதிய எண்

சித்தி வலது கையால் பூட்டைத் திறந்தால், சும்மா தொங்கும் இடது கை விரல்களும் சாவியைத் திருகுவதுபோல் அசையும். ஸ்ரீரங்கத்தில் அவள் தனியாகக் குடியிருந்த ஒற்றை அறையின் வாசலில் நின்று அதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருக்கும். வீட்டுக்காரருக்கு அவளுடைய எதுவுமே வேடிக்கையாகப் படவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். மதில்மேல் காக்கை எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவாள். யாரோடும் ஒட்ட மாட்டாள். "இது சரிப்படாதுங்க, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க" என்று வீட்டுக்காரர் என் அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என் தலையில், ஆஸ்பத்திரியில் சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்க, ஆற்றுக்கு அக்கரையில் புத்தூரில் இருந்த டாக்டரிடம் சித்தியை அழைத்துப்போகும் பொறுப்பு விழுந்தது. டாக்டர் குதிகாலோடு கால்விரல் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். தள்ளாடினாள். பிறகு அவள் கையைத் தன் கையில் வாங்கி, பென்சிலின் மழுங்கிய முனையால் உள்ளங்கையில் எழுதினார். "கண்ணை மூடிக்கிட்டே சொல்லுங்கம்மா, என்ன நம்பர்?" அத்தனையும் தப்பு. அவரோ பொறுமையாக மறுபடி மறுபடி எழுதினார்.

கடைசியில் என்னிடம், "பைத்தியமெல்லாம் இல்லம்மா. சிலருக்கு மனசு கொஞ்சம் விலகியே இருக்கும், நரம்பும் கொஞ்சம் பிசகும். அந்த ரூம்லயே இருக்கட்டும்" என்றார். இப்போது இதற்கெல்லாம் வாயில் நுழையாத பெயர்கள் இருக்கின்றனவாம். அன்று எனக்குப் பைத்தியமில்லை என்ற அந்த வார்த்தையே போதுமாக இருந்தது.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. நிம்மதியில் சீண்டினேன்.

"ஒரு நம்பர்கூடவா தெரியல சித்தி?"

"நடக்கத்தான் வரல. நம்பரெல்லாம் தெரிஞ்சுதுடி."

"அப்புறம் ஏன் தப்பா சொன்னீங்க?"

அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சரியா சொல்லிட்டா கையை விட்டுடுவாரே."

இன்னும் சற்று நேரத்தில் அந்த அறையில் அவளை விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போய்விடுவேன். அவளுக்காக நாங்கள் ஜெயித்துக் கொடுத்தது அந்தத் தனிமையைத்தான். அவள் கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, விரலால் ஒன்பது என்று எழுதினேன்.

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு" என்றாள்.