கேசட்டின் கடைசி மூன்று நிமிடம்

1. ரயில்வே கேட் போட்ட வினை

"எங்க அந்த ரெக்கார்டிங் அம்மா? வெளிய வரச் சொல்லுங்க!"

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பூ வேன் ஓட்டிவரும் முருகேசனின் சத்தம் அது. அவர் கவுன்ட்டரில் கேசட்டைப் போட்ட போட்டில் டப்பா தனியாக, கேசட் தனியாகப் போய் விழுந்தது. நான் உள்ளறையில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"லிஸ்டுல சாமி பாட்டு எழுதிக் குடுத்தேன், சினிமாப் பாட்டு எழுதிக் குடுத்தேன். கடைசில எவனோ ஒரு வெள்ளைக்காரன் வந்து மொனகி மொனகி அழுகுறான். வண்டில இருந்த யாவாரிங்க அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாங்கெ. இவனை நான் கேட்டனா?"

"இத்தனை நாள் கேக்கலையா நீங்க?" என்றேன்.

"எங்கிட்டுக் கேக்க? பாதி வழிலதான் போடுவேன், சைடு முடியுறதுக்குள்ள மார்க்கெட்டு வந்துரும். இன்னைக்குப் பாத்து ரயில்வே கேட்டைப் போட்டுட்டான்."

முதலாளி அந்தோணிசாமி என் பக்கம் திரும்பினார். "ஜெசிந்தா, அழிச்சுக் குடுத்துரும்மா. காலைல எதுக்கு வம்பு."

அழவில்லை, பாடுகிறான் என்று சொல்ல வாய்வரை வந்தது. கேசட்டை வாங்கிப்போய் அந்த மூன்று நிமிடத்தையும் அழித்துக் கொடுத்தேன். கோபம் வந்தது. அவர்மீது இல்லை, என்மீதுதான். யாராவது கேட்பார்கள் என்று எந்த முட்டாள்தனத்தில் நம்பிக்கொண்டிருந்தேன்!

2. ஏன் போட்டேன்

இன்றைக்குக் காதில் சின்னதாக ஒன்றைச் சொருகிக்கொண்டு நடக்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தொண்ணூறுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் கடை. வாடிக்கையாளர் ஒரு தாளில் பாட்டு லிஸ்ட் எழுதித் தருவார். நாங்கள் வெற்றுக் கேசட்டில் வரிசையாகப் பதிந்து தருவோம். சிக்ஸ்டி கேசட் என்றால் சைடுக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டுப் போட்டால் இரண்டு மூன்று நிமிடம் மிஞ்சும். ஏழாவது பாட்டை ஆரம்பித்தால் பாதியில் அறுந்துபோகும். சில கடைகளில் அப்படித்தான் செய்வார்கள். பாடுகிறவன் கழுத்தை நெரிப்பதுபோல டக்கென்று நிற்கும். அந்தப் பாவத்தை நான் செய்ததே இல்லை.

காலியாக விடவும் முதலாளி சம்மதிக்க மாட்டார். "டேப்பு சும்மா ஓடுனா ஏமாத்திட்டோம்னு நெனைப்பாங்க. எதையாச்சும் போட்டு ரொப்பு" என்பார். இதற்குத் தொழிலில் ஃபில்லர் என்று பெயர். பெரும்பாலும் வாத்திய இசை ஏதாவது போடுவார்கள்.

நான் போட்டது வேறு. தன் நாட்டுக்கே திரும்பிப்போன ஒரு வெளிநாட்டு டாக்டரம்மாவிடம் முதலாளி ஒரு டர்ன்டேபிளை விலைக்கு வாங்கினார். கூடவே ஒரு பெட்டி எல்.பி. ரெக்கார்டுகளும் வந்தன. எல்லாம் இருபது இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஆங்கிலப் பாட்டு. ஆட்டம்பாட்டம் இல்லாதவை. ஒரு கிட்டார், பின்னால் நாலைந்து வயலின், காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு குரல். "இதை எவன் கேப்பான்? பழைய பேப்பர்காரன்கூட எடுக்க மாட்டான்" என்று முதலாளி உள்ளறையில் தள்ளிவிட்டார். அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மிச்ச இடத்துக்கு அளவெடுத்தது மாதிரி பொருந்தும்.

ஆனால் அளவு மட்டும் காரணம் இல்லை. ஒளிக்காமல் சொல்கிறேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் அமையவில்லை. அம்மா தவறிவிட்டார், அண்ணன் குடும்பத்தோடு சென்னையில். கோயிலுக்குப் பின்தெருவில் ஒற்றை அறை வீடு. "சிக்ஸ்டியா நைன்ட்டியா?" என்பதைத் தவிர நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாத நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அந்தப் பாட்டுகளைக் கேட்டால் யாரோ கூட இருப்பதுபோல இருக்கும். ஆனால் கேட்டு முடித்ததும், 'நல்லா இருக்குல்ல?' என்று திரும்பிச் சொல்லப் பக்கத்தில் ஆள் வேண்டுமே! அதற்காகத்தான் ஊரார் கேசட்டில் எல்லாம் கடைசியில் ஒன்றைப் போட்டு அனுப்பினேன். என்றைக்காவது ஒருத்தர் வந்து, "கடைசில வாரது என்ன பாட்டு?" என்று கேட்பார் என்று ஆறு வருடம் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் முருகேசன்.

3. அழித்ததைக் கேட்டு வந்தவள்

பத்து நாள் கழித்து அதே கேசட்டோடு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். கையில் காலேஜ் நோட்டு, விரல் நுனியெல்லாம் பூநார் அறுத்த கோடு.

"அக்கா, இதுல ஏ சைடு கடைசில ஒரு பாட்டு இருந்துச்சு. இப்பக் காணோம்."

"வேன்காரருதான் வந்து அழிக்கச் சொன்னாரு."

"எங்கண்ணனா? அதுக்கென்ன தெரியும்? நீங்க மறுபடி போட்டுக் குடுங்க. அண்ணன்ட்ட சொல்ல வேணாம்."

அவள் பெயர் செல்வி, முருகேசனின் தங்கை. விடியுமுன் தோட்டத்தில் பூ எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்சப் பூவை அம்மாவும் அவளும் உட்கார்ந்து கட்டுவார்களாம். அப்போது இந்தக் கேசட் ஓடுமாம்.

"மத்த பாட்டெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும்க்கா, நாங்க பேசிக்கிட்டே இருப்போம். அது வந்துச்சுன்னா மட்டும் பேச்சு நின்னுரும். ஒண்ணும் வெளங்காது, ஆனா நின்னுரும்."

சந்தோஷத்தைக் காட்டத் தெரியாத ஜென்மம் நான். "அஞ்சு நிமிஷம் நில்லு" என்று முறைத்தமாதிரி சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அதே பாட்டை, அதே இடத்தில் போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு உள்ளறையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார்.

4. நான் செய்த அதிகப்பிரசங்கித்தனம்

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

மறுவாரம் முழுக்க உட்கார்ந்து அவளுக்காக ஒரு நைன்ட்டி கேசட் தயாரித்தேன். பெட்டியில் இருந்ததில் ஆகச் சிறந்த பாட்டுகள் இருபத்தெட்டு. பழையதிலிருந்து புதியதுக்கு வரிசை. மெல்லிய குரல் அமுங்கிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் ஒலியளவு காட்டும் லெவல் மீட்டர் ஊசியைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். போதாததற்கு முழுத்தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் தமிழில் அர்த்தம் எழுதி மடித்து உள்ளே வைத்தேன். கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ் அன்றைக்குத்தான் உருப்படியாகப் பயன்பட்டது என்று பெருமை வேறு. செல்வி வந்ததும், "காசு வேணாம். வரிசையாக் கேளு, மாத்திக் கேக்காத" என்று உத்தரவு போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் ஆளைக் காணவில்லை. வந்தபோது முகம் சரியில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான்க்கா இருந்துச்சு..." என்று இழுத்தாள். "கோவிச்சுக்க மாட்டீங்கள்ல? மொத்தமாக் கேட்டா எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு. விருந்துல பாயசத்தை மட்டும் குண்டான் நெறைய வச்சமாதிரி. நம்ம பாட்டெல்லாம் முடிஞ்சு, கடைசில ஒண்ணே ஒண்ணு வரும்ல, அதுதான் நல்லா இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் முதுகொடியச் செய்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும். அவள் அதோடு நிறுத்தவில்லை. நான் எழுதிய தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதையும் நீங்களே வச்சுக்கங்க. அண்ணன் கைல கெடைச்சா அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டிரும்."

"வாசிச்சா என்ன?"

அவள் பழைய கேசட்டின் கடைசியில் வந்த அதே பாட்டின் அர்த்தம் இருந்த இடத்தில் விரல் வைத்தாள். ஒருவன் தன் வீட்டுக்காரியிடம் விடைபெறுகிற பாட்டு அது. நான் போகிறேன், கதவைச் சாத்திக்கொள், என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதே என்று எழுதியிருந்தேன்.

"எங்கப்பா நான் எட்டாவது படிக்கிறப்பப் போனவருக்கா. திருப்பூர்ல வேற குடும்பம் இருக்குன்னு சொல்றாங்க. அம்மா இந்தப் பாட்டைக் கேட்டுட்டு, என்னடி பாடுறான்னு கேட்டுச்சு. வாரேன் வாரேன்னு பாடுறான்மான்னு சொல்லி வச்சிருக்கேன்."

ஐயோ என்றிருந்தது. யாரும் கேட்காமலேயே அந்த வீட்டுக்குள் போய் நான் ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அது... நான்தான் தப்பா எழுதிட்டேன் செல்வி. அவசரத்துல. அவன் வாரேன்னுதான் பாடுறான்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"உங்களுக்குப் பொய் சொல்லவே வரலக்கா. இந்தத் தாளைப் பாக்குறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். வாரவனா இருந்தா தெருமுக்குலயே சத்தம் போட்டுக்கிட்டு வருவான். போறவன்தான் இம்புட்டு மெதுவாப் பேசுவான்."

"தெரிஞ்சுமா கேட்ட?"

"எங்கப்பா ஒரு வார்த்தை சொல்லாமப் போனாரு. ரெண்டு வருசம் ராத்திரிச் சோத்துல அவருக்கு ஒரு பங்கு எடுத்து வச்சோம். இவன் சொல்லிட்டுப் போறான்ல. அதுக்காகத்தான் கேக்குறேன்."

நான் அந்தப் பாட்டை ஆறு வருடமாகக் கேட்கிறேன். அர்த்தம் தெரியும், பாடியவர் வரலாறு தெரியும், ரெக்கார்டில் எந்த இடத்தில் கீறல் என்றுகூடத் தெரியும். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

தாளைக் கிழித்துக் கூடையில் போட்டேன்.

5. ஒரு ஹெட்போன், இரண்டு பேர்

"நீங்க இதெல்லாம் யாரு கூடக்கா கேப்பீங்க?" என்றாள்.

"யாரு கூட? நான்தான். தனியாத்தான்."

"செத்த நேரம் இருக்கு பஸ்ஸுக்கு. போடுங்களேன்."

கடையில் ஒரே ஒரு ஹெட்போன். அதைத் தலையில் மாட்டாமல் பிரித்துப் பிடித்து, ஒரு பக்கம் அவள் காதிலும் மறுபக்கம் என் காதிலும் வைத்துக்கொண்டோம். தலையும் தலையும் முட்டியது. அவள் தலையில் மல்லிகையும் பஸ் தூசியும் கலந்து மணத்தது. பாட்டு முடிந்தது. நான் ஒன்றும் விளக்கவில்லை. 'நல்லா இருக்குல்ல?' என்று கேட்க ஆறு வருடமாகக் காத்திருந்தவள், அன்றைக்கு அதைக் கேட்கவே மறந்துபோனேன்.

அதன்பிறகு செல்வியின் காலேஜ் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். "செல்வி கேசட்டுல இருக்கமாதிரி கடைசில ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா" என்பார்கள். எது வேண்டும் என்று கேட்டால், "எதுனாலும் சரி, எங்களுக்குச் சொல்லாமப் போடுங்க" என்பார்கள். ஒருத்தி அதை வைகறைப் பாட்டு என்றாள், ஒருத்தி பரீட்சைக்கு முந்தின நாள் பாட்டு என்றாள். யாருக்கும் நான் அர்த்தம் சொன்னதில்லை. பேரைக் கேட்டால் மட்டும் அட்டையில் எழுதிக் கொடுப்பேன். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னமோ வித்தை காட்டுற ஜெசிந்தா" என்பதோடு விட்டுவிட்டார். சில வருடத்தில் எம்.பி.3 சி.டி. வந்தது. ஒன்றில் நூற்றைம்பது பாட்டு போட்டார்கள். மிச்ச இடம் என்ற பேச்சே அதோடு முடிந்தது.

இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். ஒரு நல்ல பாட்டை இளசுகளுக்குக் கொடுக்க ஆசைப்பட்டால், கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு எது தேவையோ அதை அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

6. செல்வி சொல்லிக்கொண்டது

ஒட்டன்சத்திரம் பக்கம் செல்விக்கு மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஒரு மத்தியான வெயிலில் கடைக்கு வந்தாள். பத்திரிகையைக் கொடுத்தாள். அவருக்குக் கோயம்புத்தூரில் வேலை, அம்மாவையும் கூடவே கூட்டிப்போகிறார்கள், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று என்றாள். பிறகு கவுன்ட்டரில் சாய்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"போறேங்க்கா."

முதலாளி பதறிப்போனார். "ஏம்மா, நல்ல காரியத்துக்குப் போறப்ப என்ன பேச்சு இது! போயிட்டு வாரேன்னு சொல்லு தாயி!"

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் மாற்றிச் சொல்லவில்லை. நானும் 'போயிட்டு வா' என்று சொல்லவில்லை.

"சரி செல்வி, போ" என்றேன்.

அதன்பிறகு ஒன்பது வருடம் அதே கடையில் இருந்தேன். செல்வி வரவில்லை. அழுத நாட்கள் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள்கூட நான் வாசலைப் பார்க்கவில்லை.