மண்ணுக்குள் கறள் பிடித்த உளிகள்

எங்கள் அண்ணர் மயிலிட்டியில் பிறந்தவர். ஐயாவைக் கடல் கொண்டுபோனபோது அவருக்குப் பதினைந்து வயது. நீயும் கடலுக்குப் போகாதே என்று அம்மா அழுததால் தச்சுவேலைக்குப் போனார். தங்கைமார் மூவரையும் கரைசேர்த்த பின்பே தாம் மணம் முடித்தார். கோபம் வந்தால் பேசமாட்டார்; மரம் இழைக்கும் சீவுளியை எடுத்துத் தீட்டத் தொடங்குவார்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரைவிட்டு ஓடியபோது நாங்கள் உடுபுடவைகளை எடுத்தோம். அண்ணர் தச்சுப்பெட்டியைச் சைக்கிளில் கட்டினார். அளவெட்டியில் தங்கிய வீட்டருகே செல் விழுந்து வெடிக்கத் தொடங்கியதும், பெட்டியை வாழைத்தோட்டத்தில் புதைத்துவிட்டு எல்லோரும் கொடிகாமம் வந்தோம். இரண்டு மாரி கழித்துத்தான் அவரால் திரும்பிப்போய்த் தோண்ட முடிந்தது. பெட்டி உக்கிப்போயிருந்தது. உளி, சீவுளி, வாள் எல்லாவற்றிலும் கட்டிகட்டியாய்ச் செந்துருக் கறள்.

பொருளாதாரத் தடையில் புதிது வாங்க வழியில்லை. இடம்பெயர்ந்த பிள்ளைகள் படிக்கும் கொட்டகைக்கு, அவர்கள் இருந்து எழுத மரவாங்குகள் செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கறள் கழல ஊறவைப்பதற்கு என்னிடம் மண்ணெண்ணெய் கேட்டார்.

"விளக்குக்கே எண்ணெய் இல்லை அண்ணை. இரும்புக்கு ஊத்தவோ?"

"ஓம் பிள்ளை, நீ சொல்லுறதும் சரிதான்."

கள்ளு வினாகிரியிலும் புளித்தண்ணீரிலும் ஊறவைத்து, செங்கல் தூளும் தேங்காய்த் தும்பும் கொண்டு மூன்று கிழமை உரஞ்சினார். அண்ணரின் மனைவியான மச்சாளும் கூட இருந்து உரஞ்சினார். சீவுளி அலகு மினுங்கியபோது அண்ணர் சிரித்தார். ஊரைவிட்டு வந்தபின் அவர் சிரித்து நாங்கள் கண்டது அன்றுதான்.

ஓர் உளி மட்டும் பிடிக்குள் இறுகியிருந்தது. இழுத்துக் கழற்றுகையில் வழுக்கி உள்ளங்கையில் ஏறிவிட்டது.

"ஆசுப்பத்திரிக்குப் போங்கோ அண்ணை. கறள் குத்தினால் ஏற்பு வரும், ஊசி போடவேணும்."

"போனனான் பிள்ளை. ஊசி முடிஞ்சுதாம்."

சீலைத்துண்டால் கையைக் கட்டிக்கொண்டு நான்கு வாங்குகள் செய்து முடித்தார். எட்டாம் நாள் சோறு தின்ன வாய் திறக்கவில்லை. பல்வலி என்று நினைத்தோம். பின்பு முதுகு வில்லாய் வளைந்தது; ஏற்புதான். உழவு இயந்திரத்தில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அக்கா, இதுக்குரிய மருந்து எங்களிட்டை இல்லை. கொழும்பிலையிருந்து வரவேணும்."

"எப்ப வரும் தம்பி?"

"தெரியேல்லை."

சின்னச் சத்தத்துக்கும் அண்ணரின் உடல் இழுத்தது. அதனால் எங்களால் அழவும் முடியவில்லை. மச்சாள் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு வாசலில் நின்றார். குண்டு போடப் பொம்பர் வந்தபோது நாங்கள் பதுங்கப் பங்கருக்கு ஓடவில்லை. அவருடைய காதுகளைப் பொத்தினோம். ஐந்தாம் நாள் காலையில் அண்ணர் எங்களைவிட்டுப் போனார். மருந்து வரவேயில்லை.

அன்று நான் எண்ணெய் கொடுத்திருந்தால் அந்த உளி இலகுவாய்க் கழன்றிருக்குமா? மச்சாளிடம் கேட்டேன். அவர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

உழவு இயந்திரம் தந்த அயலவருக்கும், மிகுதி வாங்குகளைச் செய்துகொடுத்த அண்ணரின் கூட்டாளிக்கும், கிளாலிக் கடலேரியைக் கடந்து வர முடியாமல் கடிதத்தில் அழுத உறவுகளுக்கும் நன்றி கூறுகிறோம். வெறுங்கையோடு ஐந்து நாளும் கட்டிலருகே வந்து நின்றவர் அந்த வைத்தியர். அண்ணரின் கண்களை மூடியவரும் அவர்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றார். அன்று அவருக்கு நன்றி சொல்லாமலே அண்ணரைக் கொண்டுவந்துவிட்டோம். தம்பி, உங்களுக்கும் நன்றி.